வசனக் கணக்கும் வேற்றுமை உருபும்

கணிதத்தைப் பற்றிப் பேச முன்வந்திருக்கும் நான் கணிதம் கற்றுத் தேறியவன் அல்லன். தமிழையும் வரலாற்றையும் பாடங்களாகக் கொண்டு கலைப் பட்டம் பெற்றவன். அதுமட்டுமன்று, மாணவனாயிருந்த காலத்திற் கல்விப் பொதுத் தராதரப் பத்திர சாதாரண தரப் பரீட்சைக்கு முதன்முறை தோற்றியபோது ஏனைய பாடங்களிற் சித்தியெய்திக் கணிதத்தில் மாத்திரம் தவறியவன். மறுமுறை தோற்றியே கரையேறினேன். இத்தகைய ஒருவன் கணிதம் பற்றி உரையாற்றுவது பொருந்துமோ எனச் சிலர் எண்ணலாம். ஒருமுறை நீரில் மூழ்கி எழுந்தவனுக்கு ஆழம் எங்கே இருக்கின்றது என்பது நன்கு தெரியும் என்பதே என் சமாதானம்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் அதிபராயிருந்த ஒரு கிராமத்துப் பாடசாலையிற் கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அவரிடத்துக்கு வேறொருவர் வந்து சேர இரண்டு தவணைகள் கழிந்தன. பதினோராந் தர மாணவரோ பரீட்சையை எதிர்நோக்கியிருந்தனர். கணிதத்திற் சித்தியில்லையேல் உயர்தர வகுப்பின் வாயில் பொதுவாகத் திறப்பதில்லை. வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வர விரும்பும் பிள்ளைக்கு மாத்திரமன்று, தமிழும் சங்கீதமும் கற்க விரும்பும் பிள்ளைக்கும் அவ்வாயிலைத் திறக்குந் திறவுகோல்களுள் ஒன்று கணிதமே. வேறு வழியின்றி நானே வெண்கட்டியைக் கையில் எடுத்தேன். அந்த இரண்டு தவணைகளில் நான் கற்பித்ததிலும் கற்றுக்கொண்டதே அதிகம். அதனையே இன்று சொல்ல வந்திருக்கின்றேன்.

நேயர்களுள் மாணவர் இருப்பின் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். வினாத்தாள்களில் எக்ஸ், வை என்னும் ஆங்கில எழுத்துகள் வரும். காதாற் கேட்பதற்கு எளிதாயிருக்கும் பொருட்டு நான் தமிழெழுத்துகளையே பயன்படுத்துகின்றேன்.

முதல் வாரத்தில் ஒரு சிறு சோதனை வைத்தேன். 3க + 5 = 20 என்னும் சமன்பாட்டைத் தீர்க்குமாறு கேட்டேன். அநேகமாக எல்லாரும் க = 5 எனச் சரியாக எழுதினர். அடுத்த வினாவைச் சொற்களாற் கொடுத்தேன்: "ஒரு பென்சிலின் விலையின் மும்மடங்குடன் ஐந்து ரூபாவைக் கூட்டினால் இருபது ரூபா ஆகும். பென்சிலின் விலை யாது?" வகுப்பிற் பாதிப் பேர் அதற்குக் கீழே வெற்றிடம் விட்டிருந்தனர். இரண்டும் ஒரே கணக்கு என்பதை நீங்கள் அறிவீர்கள். முதலாவதைச் செய்தவனுக்கு இரண்டாவதைச் செய்யத் தெரியாது என்றால், அவனிடம் குறைந்தது அட்சரகணிதம் அன்று, வேறொன்று.

அந்த வேறொன்று யாது என்பதை எனக்கு உணர்த்தியவள் ஒரு மாணவி. தமிழ்ப் பாடத்தில் வகுப்பில் முதலாமவள். கணிதத்திலோ, சொற்களாலான வினாவைக் கண்டவுடன் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவாள். ஒருநாள் பின்வரும் கணக்கை அவளிடம் கொடுத்தேன். "ஒருவர் தம்மிடமிருந்த பணத்தின் நாலிலொரு பங்கை மகளுக்குக் கொடுத்தார். எஞ்சியதின் மூன்றிலொரு பங்கை மகனுக்குக் கொடுத்தார். அவரிடம் மீதியாக 6000 ரூபா இருந்தது. தொடக்கத்தில் அவரிடம் இருந்த பணம் எவ்வளவு?"

அவள் ஒரு நாலிலொன்றையும் ஒரு மூன்றிலொன்றையும் எழுதி, கூட்டி, பன்னிரண்டில் ஏழு என்றாள். மீதி பன்னிரண்டில் ஐந்து. அது 6000 ரூபாவாயின் முழுப் பணம் 14400 ரூபா என்றாள். விடை முழு எண்ணாக அழகாக வந்துவிட்டதனால் அவளுக்கு ஐயமே எழவில்லை. பிழையான வழியிற் சென்றவருக்கும் சில வேளைகளில் நேர்த்தியான விடை கிடைத்துவிடும் என்பதை மாணவர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

நான் பிழை என்று சொல்லவில்லை. "கணக்கை உரத்து வாசி, அம்மா, செய்யுள் வாசிப்பதுபோல் நிறுத்தி வாசி" என்றேன். அவள் வாசித்தாள். "எஞ்சியதின்" என்ற சொல்லுக்கு வந்ததும் நின்றாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "ஐயா, எதில் எஞ்சியது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியிலேயே கணக்கு அவிழ்ந்துவிட்டது. மகளுக்குக் கொடுத்தபின் எஞ்சியது நாலில் மூன்று. அதில் மூன்றிலொன்று மகனுக்கு. எனவே அதில் மூன்றிலிரண்டு மீதி. நாலில் மூன்றின் மூன்றிலிரண்டு என்பது அரைவாசி. அரைவாசி 6000 ரூபாவாயின் முழுப் பணம் 12000 ரூபா. மகளுக்கு 3000, எஞ்சியது 9000, மகனுக்கு அதன் மூன்றிலொன்றாகிய 3000, மீதி 6000. சரியாயிற்று. அவளுடைய முதல் விடையாகிய 14400 ஐ இவ்வாறே கணக்கின் வசனத்தில் வைத்துப் பாருங்கள். மகளுக்கு 3600, எஞ்சியது 10800, அதன் மூன்றிலொன்று 3600, மீதி 7200. கணக்கு சொல்வது 6000 அல்லவா?

செய்யுளைப் பதம் பிரித்து, "யார்? எதனை? எதனால்? எதிலிருந்து?" என்று வினவி வினவிப் பொருள் காணப் பழகிய பிள்ளை, கணிதப் புத்தகத்தைத் திறந்தவுடன் அப்பழக்கத்தை மூடிவைத்துவிடுகின்றாள். கணிதப் பாடத்தில் எண்கள் மாத்திரமே முக்கியம், இடையிலுள்ள சொற்கள் வெறும் அலங்காரம் என்று எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஆயினும் அவள் அவ்வாறே நம்பியிருந்தாள்.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய குறையன்று. 1980 ஆம் ஆண்டளவிற் பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் ஆய்வாளர் சிலர் சிறுவர்களிடம் ஒரு வினாவைக் கொடுத்தனர். "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கப்பற்றலைவரின் வயது என்ன?" சிறுவர்களுள் மிகப் பலர் தயக்கமின்றி இரண்டு எண்களையும் சேர்த்து ஒரு விடை சொல்லிவிட்டனர். ஆட்டுக்கும் வயதுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர் சிலரே. எண்ணைக் கண்டால் ஏதாவது செய்துவிட வேண்டும் என்னும் அவசரம் எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவானது.

அட்சரகணிதம் தோன்றிய வரலாற்றை நோக்கினால், அது சொல்லிலேயே பிறந்த கலை என்பது புலனாகும். ஒன்பதாம் நூற்றாண்டிற் பக்தாத் நகரில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்னும் அறிஞர் எழுதிய நூலின் பெயரிலிருந்தே ஆங்கிலத்தில் 'அல்ஜிப்ரா' என்ற சொல் வந்தது. அந்த நூலிற் கூட்டற்குறியோ சமன்குறியோ கிடையாது; எண்களும் சொற்களாலேயே எழுதப்பட்டிருந்தன. இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்குப் பிரிக்குங் கணக்குகள் அதிற் பெரும்பகுதியை நிரப்புகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பாஸ்கரர் தமது 'லீலாவதி'யைச் செய்யுளில் இயற்றினார். நம் தமிழிலும் 'கணக்கதிகாரம்' செய்யுள் வடிவிலேயே அமைந்தது. இன்று நாம் எழுதுஞ் சமன்குறியை 1557 ஆம் ஆண்டில் ஒரு நூலில் முதன்முதலில் வழங்கியவர் வேல்சு நாட்டவரான இறொபேட் றெக்கோட் என்பவர். இரண்டு சம நீளமான சமாந்தரக் கோடுகளிலும் அதிகமாக ஒன்றுக்கொன்று சமனானவை வேறில்லை என்பது அவர் சொன்ன காரணம். ஆகவே, குறியீடு பின்வந்த சுருக்கெழுத்து, வசனமே மூத்தது. வசனக் கணக்குச் செய்பவன் அந்தப் பழைய வசனத்தைப் புதிய சுருக்கெழுத்தில் எழுதும் மொழிபெயர்ப்பாளன்.

மொழிபெயர்ப்பாளனுக்கு இரண்டு மொழிகளும் தெரிந்திருத்தல் வேண்டும். தமிழ் வசனத்திற் கணிதக் குறிகள் எங்கே ஒளிந்திருக்கின்றன? என் அநுபவத்தில், அவை பெரிய சொற்களில் இல்லை. வேற்றுமை உருபுகளிலும் வினையெச்சங்களிலும் இருக்கின்றன.

"ஒரு பொருளின் விலை 20 ரூபாவினால் அதிகரித்தது" என்பதையும், "ஒரு பொருளின் விலை 20 ரூபாவாக அதிகரித்தது" என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். முந்திய விலையைக் 'க' எனக் கொண்டால், முதல் வசனத்திற் புதிய விலை க + 20. இரண்டாம் வசனத்திற் புதிய விலை வெறும் 20. 'ஆல்' என்பதற்கும் 'ஆக' என்பதற்கும் இடையிலே ஒரு முழுக் கணக்கு நிற்கின்றது. "12 ஐ 4 ஆல் வகுக்க" என்பதில் வருவது 3. "12 ஆல் 4 ஐ வகுக்க" என்பதில் வருவது மூன்றிலொன்று. எண்கள் மாறவில்லை, உருபுகள் இடம் மாறின. "ஓர் எண்ணிலிருந்து 7 ஐக் கழிக்க" என்றால் க − 7. "7 இலிருந்து ஓர் எண்ணைக் கழிக்க" என்றால் 7 − க. "அண்ணனுக்குத் தம்பியிலும் 4 வயது கூட" என்பதில் 'இலும்' ஒப்பிடுகின்றது. அங்கே நிகழ்வது கூட்டல். "அண்ணனின் வயது தம்பியின் வயதின் 4 மடங்கு" என்பதில் 'இன்' உருபும் 'மடங்கு' என்ற சொல்லுங் கூடி நிற்கின்றன. அங்கே நிகழ்வது பெருக்கல்.

வினையெச்சத்துக்கு வருவோம். "ஓர் எண்ணுடன் 4 ஐக் கூட்டி, வருவதை 3 ஆற் பெருக்குக." இதில் 'கூட்டி' என்பது வினையெச்சம், 'பெருக்குக' என்பது முற்று. எச்சத்தின் செயல் முதலில் முடிகின்றது. முற்றின் செயல் பின்னர் நிகழ்கின்றது. ஆகவே 3(க + 4) என எழுதல் வேண்டும். "ஓர் எண்ணை 3 ஆற் பெருக்கி, வருவதுடன் 4 ஐக் கூட்டுக" என்றால் 3க + 4. அந்த எண் 2 எனக் கொள்ளுங்கள். முதலாவதில் 18 வரும். இரண்டாவதில் 10 வரும். கூட்டல் வினையெச்சமாக முன்னே நின்று பெருக்கல் பின்னே வருமாயின் அடைப்புக்குறி இடுக என்று நான் மாணவருக்குச் சொன்னபோது, அதுவரை அடைப்புக்குறியை ஓர் அழகுக்கோடு என்று நினைத்திருந்த பிள்ளைகளின் முகங்கள் மலர்ந்ததைக் கண்டேன்.

இதில் நம் மொழிக்கு ஒரு வசதியும் உண்டு. "ஓர் எண்ணின் மும்மடங்கிலிருந்து 7 ஐக் கழித்து, வருவதை 2 ஆற் பெருக்க 22 கிடைக்கும்" என்னுந் தமிழ் வசனம், செயல்கள் நிகழும் அதே ஒழுங்கில் நடக்கின்றது. வாசித்துக்கொண்டே எழுதலாம்: முதலில் 3க; பின்னர் 3க − 7; பின்னர் 2(3க − 7); ஈற்றில் 2(3க − 7) = 22. இரு பக்கங்களையும் 2 ஆல் வகுக்க 3க − 7 = 11; 3க = 18; க = 6. இதே கருத்தைச் சொல்லும் ஆங்கில வசனம் பல வேளைகளில் இறுதிச் செயலை முதலிற் சொல்லித் தொடங்கும். தாய்மொழியிற் கற்கும் மாணவன் இந்த அளவில் ஒரு படி முன்னே நிற்கின்றான். அப்படியிருந்தும் அவன் வசனத்தைக் கண்டு அஞ்சுவது வருந்தத்தக்கது.

இரண்டாவது தடுமாற்றம் எழுத்தைப் பற்றியது. அட்சரகணிதத்தில் எழுத்து ஓர் எண்ணுக்காக நிற்கின்றது; ஒரு பொருளுக்காக அன்று. "மூன்று கொப்பிகளும் இரண்டு பேனைகளும் 480 ரூபா, இரண்டு கொப்பிகளும் ஐந்து பேனைகளும் 540 ரூபா" என்ற கணக்கில், "க என்பது கொப்பி, ப என்பது பேனை" என்று எழுதும் மாணவர் பலர். அது பிழை. "ஒரு கொப்பியின் விலை க ரூபா, ஒரு பேனையின் விலை ப ரூபா" என்று எழுதல் வேண்டும். அப்பொழுது 3க + 2ப = 480; 2க + 5ப = 540 என்னும் ஒருங்கமை சமன்பாடுகள் கிடைக்கின்றன. முதலாவதை 2 ஆலும் இரண்டாவதை 3 ஆலும் பெருக்குக. 6க + 4ப = 960; 6க + 15ப = 1620. ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க 11ப = 660. எனவே பேனை 60 ரூபா. கொப்பி 120 ரூபா.

இந்தக் கணக்கில் அப்பிழை தீங்கு செய்யாமற் போகலாம். வேறொன்றிற் கவிழ்த்துவிடும். "ஒரு பாடசாலையில் மாணவர் தொகை ஆசிரியர் தொகையின் 20 மடங்கு" என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னேன். மாணவர் தொகை ம, ஆசிரியர் தொகை ஆ. வகுப்பிற் பலர் 20ம = ஆ என்று எழுதினர். "இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர்" என்று மனத்திலே படம் வரைந்து, அப்படத்தை அப்படியே எழுதிவிட்டனர். ஆசிரியர் 10 பேர் என வைத்துப் பாருங்கள். மாணவர் 200 பேர். 20ம என்பது 4000. அது பத்துக்குச் சமனாகுமா? சரியான சமன்பாடு ம = 20ஆ. அமெரிக்காவிற் பொறியியல் பயிலும் முதலாண்டு மாணவரிடம் இதையொத்த ஒரு வினாவைக் கொடுத்து, 1981 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்விலே, மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் தவறினர் என்று காட்டப்பட்டது. ஆகவே, நம் பிள்ளைகள் இதில் இடறினால் அவர்களை மந்தர் என்று சொல்லுதல் தகாது. இடறும் இடத்தைக் காட்டி, ஒரு சிறிய எண்ணை வைத்துப் பார்க்கும் பழக்கத்தைக் கொடுத்தல் போதும்.

மூன்றாவது, விடையைச் சரிபார்த்தல். "தந்தையின் வயது மகனின் வயதின் 3 மடங்கு. 12 ஆண்டுகளின் பின் தந்தையின் வயது மகனின் வயதின் 2 மடங்காகும். இருவரின் இன்றைய வயதுகள் யாவை?" மகனின் வயது ம எனின், தந்தையின் வயது 3ம. 12 ஆண்டுகளின் பின் மகனுக்கு ம + 12; தந்தைக்கு 3ம + 12. எனவே 3ம + 12 = 2(ம + 12). தீர்த்தால் ம = 12; தந்தைக்கு 36. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் 24, 48. சரி.

ஒரு மாணவன் அடைப்புக்குறியை மறந்து 3ம + 12 = 2ம + 12 என எழுதினான். விடை பூச்சியம் வந்தது. மகன் இன்று பிறந்த குழந்தை. தந்தையும் இன்று பிறந்த குழந்தை! அவன் அதற்குக் கீழே இரண்டு கோடுகள் இட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிட்டான். இன்னொருத்தி தந்தைக்குப் பன்னிரண்டு ஆண்டுகளைக் கூட்ட மறந்து, 3ம = 2(ம + 12) என எழுதினாள். மகனுக்கு 24, தந்தைக்கு 72 என்று விடை வந்தது. தன் சமன்பாட்டில் அதைப் பிரதியிட்டுப் பார்த்தாள். இரு பக்கமும் 72. மகிழ்ந்து போனாள். சமன்பாட்டிற் பிரதியிட்டால், சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தோமா என்பது மாத்திரமே தெரியும். சமன்பாடே பிழையாயின் அது நம்மைக் காட்டிக்கொடுக்காது. விடையைக் கணக்கின் வசனத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளின் பின் மகனுக்கு 36, தந்தைக்கு 84. இரு மடங்கா? இல்லை. மீண்டும் வசனத்துக்குச் செல்லுக.

இருபடிச் சமன்பாட்டிலும் வசனமே நீதிபதி. "செவ்வக வடிவான ஒரு வெங்காயத் தறையின் நீளம் அகலத்திலும் 5 மீற்றர் கூட. பரப்பளவு 84 சதுர மீற்றர். அகலம் யாது?" அகலம் அ மீற்றர் எனின் அ(அ + 5) = 84. இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு: ஒன்று 7, மற்றது −12. சமன்பாட்டுக்கு இரண்டும் சம்மதம். வசனத்துக்கோ ஒன்றே சம்மதம். பூச்சியத்திலும் குறைந்த அகலமுடைய தறையில் எவரும் வெங்காயம் நட்டதில்லை. "நீளம் மறையாக இருக்க முடியாது; எனவே அகலம் 7 மீற்றர்" என்று ஒரு வரி எழுதி முடித்தல் வேண்டும்.

இனிப் பரீட்சை மண்டபத்துக்கு வருவோம். சாதாரண தரக் கணித வினாத்தாளின் இரண்டாம் பகுதிக்கு மூன்று மணித்தியாலங்களுடன் மேலதிக வாசிப்பு நேரமாகப் பத்து நிமிடங்கள் வழங்கும் வழக்கம் அண்மைக் காலத்தில் வந்தது. மாணவர் பலர் அந்தப் பத்து நிமிடங்களையும் பதற்றத்திலே கழித்துவிடுகின்றனர். அது வாசிப்பதற்கென்றே கொடுக்கப்பட்ட நேரம். நீண்ட வசனங்களைக் கொண்ட வினாக்களை அப்பொழுது இரண்டு முறை வாசியுங்கள். முதல் முறை கதையை அறிவதற்கு. இரண்டாம் முறை உருபுகளை அறிவதற்கு. பின்னர் விடையெழுதும்போது, தெரியாக்கணியம் எது என்பதை முழு வசனமாக எழுதுங்கள். ஒவ்வொரு தரவையும் ஒவ்வொரு கோவையாக மாற்றுங்கள். எந்த இரண்டு தொகைகள் சமன் என்று கணக்கு சொல்கின்றதோ, அங்கே மாத்திரம் சமன்குறியை இடுங்கள். இறுதிவரை தீர்க்க இயலாவிடினும் சமன்பாட்டை அமைத்துவிட்டு வாருங்கள். படிமுறைகளுக்கும் புள்ளி உண்டு. வெற்றிடத்துக்கு எந்தப் பரீட்சகராலும் புள்ளி வழங்க இயலாது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். வசனக் கணக்கை நாமே கரும்பலகையில் விரைந்து சமன்பாடாக்கிவிட்டுத் தீர்க்கும் பகுதியை மாத்திரம் பிள்ளைகளிடம் விடுகின்றோம். கடினமான பகுதியை நாம் எடுத்துக்கொண்டு இலகுவானதை அவர்களுக்குக் கொடுக்கின்றோம். இதனை மாற்றுதல் வேண்டும். வாரத்தில் ஒரு பாடவேளையேனும் ஒரு கணக்கையும் தீர்க்காமல், பத்து வசனங்களைச் சமன்பாடுகளாக எழுதுவதற்கும், பத்துச் சமன்பாடுகளுக்கு ஏற்ற கதைகளைப் பிள்ளைகளே கட்டுவதற்கும் ஒதுக்கிப் பாருங்கள். தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் ஒரே ஓய்வறையில் அமர்ந்து தேநீர் அருந்துகின்றனர்; ஒருவருடைய பாடத்தைப் பற்றி மற்றவர் ஒருபோதும் பேசுவதில்லை. அவர்கள் பேசத் தொடங்கினால் இருவருடைய மாணவரும் பயனடைவர்.

பெற்றோரே, உங்களுக்கு அட்சரகணிதம் தெரியவேண்டியதில்லை. மாலையிற் பிள்ளை புத்தகத்தோடு அமரும்போது, "அந்தக் கணக்கை எனக்கு வாசித்துக் காட்டு, அது என்ன கேட்கின்றது என்று உன் வாயாற் சொல்லு" என்று கேளுங்கள். சமையல் செய்துகொண்டே கேட்கலாம். வலை பின்னிக்கொண்டே கேட்கலாம். உங்களுக்கு விளங்கும்படி அவன் சொல்லிவிட்டானாயின், பாதிக் கணக்கைச் செய்துவிட்டான் என்று கொள்ளுங்கள்.

அந்த மாணவியைப் பற்றிச் சொல்லி முடிக்கின்றேன். அவள் கணிதத்திற் பெற்றது சாதாரண சித்தியே. விசேட சித்தியன்று, திறமைச் சித்தியுமன்று. ஆனால் அது அவளுக்கு உயர்தரக் கலைப் பிரிவின் வாயிலைத் திறந்தது. பெறுபேறு வந்த அன்று என் அறைக்கு வந்து, "ஐயா, எஞ்சியதின் என்று ஒரு கணக்கு வந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அதே வகுப்பிற் பின்வரிசையில் ஒரு மாணவன் இருந்தான். எண்களைக் கூட்டுவதிலும் பெருக்குவதிலும் அவளிலும் வல்லவன், அதிகம் பேசமாட்டான். அவன் தவறினான், பின்னர் தகப்பனாருடன் கடற்றொழிலுக்குச் சென்றுவிட்டான். அவனை அழைத்து உரத்து வாசிக்கச் சொல்ல எனக்கு அவகாசம் இருக்கவில்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. எனக்கு அது தோன்றவில்லை என்பதே உண்மை. கணக்கிற் கெட்டிக்காரன் என்று எண்ணியதனால் அவனுடைய வாசிப்பை நான் சோதிக்கவேயில்லை. அவனுடைய விடைகளிலும் எழுத்துகள் இருந்தன, எண்கள் இருந்தன. வசனம் மாத்திரம் இருந்ததில்லை. இன்று நினைத்துப் பார்க்கும்போது தெரிகின்றது.

பாடசாலையை விட்டு நீங்கியவர்களும் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாக அப்பரீட்சைக்கு மீண்டும் தோற்றலாம். ஒரு பாடத்துக்கு மாத்திரமும் தோற்றலாம். நானும் மறுமுறை தோற்றிச் சித்தியெய்தியவனே. கரையிலோ தோட்டத்திலோ தொழிற்கூடத்திலோ இருந்து இவ்வுரையைக் கேட்கும் இளைஞர் எவரேனும், "கணிதம் எனக்கு வராது" என்று ஒருகாலத்தில் முடிவுகட்டியவராயின், பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, ஒரு வசனக் கணக்கை உரத்து, நிறுத்தி, உருபு உருபாக வாசித்துப் பாருங்கள். வராதது கணிதந்தானா என்பது அப்பொழுது தெரியவரும்.